வீட்டுக்குள்ள எடுக்குற கருப்பு வெள்ளை போட்டோல முகம் கறுத்துப் போகுது, கோடு கோடா விழுது, உதவுங்க

பாட்டி அடுப்படில உக்காந்து வெங்காயம் உரிக்கிறது, அம்மா தங்கச்சிக்கு தலை பின்னி விடுறது, இப்படி வீட்ல தினமும் நடக்குறத கருப்பு வெள்ளைல எடுத்துட்டு வர்றேன். 50 எம்எம் லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸ் துளை நல்லாத் தொறந்து), ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமரா காட்டுற உணர்திறன்) ஆட்டோ. பின்னாடி வெள்ளை சுவர் இருந்தா பாட்டி கண்ணே தெரிய மாட்டேங்குது, ப்ரைட்னஸ் ஏத்தினா முகம் சேறு பூசின மாதிரி ஆயிடுது. எல்இடி லைட் போட்டா குறுக்க பட்டை பட்டையா கோடு வேற. கேமரா ரிப்பேரா?

பதில் 1:
கேமராவுல ஒண்ணுமில்ல தம்பி. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால சாதா எல்இடி நொடிக்கு 100 தடவ மங்கி மங்கித்தான் எரியும், கண்ணுக்குத் தெரியாது, 1/500ல தெரிஞ்சிடும். 1/100 இல்லன்னா 1/50 வைங்க. சைலன்ட் ஷட்டர் (சத்தமில்லாம எடுக்குற முறை) ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க, அதுலயும் கோடு விழும். என்னைக் கேட்டா லைட்டையே அணைச்சுட்டு ஜன்னலத் தொறந்து வைங்க, பக்கவாட்டுல விழுற வெளிச்சம் போதும்.

பதில் 2:
முகத்துக்கு: கேமராவுல வெளிச்சத்த அளக்குற மீட்டர் வெள்ளை சுவத்தப் பாத்துட்டு வெளிச்சத்தக் குறைச்சிடுது. ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன இடத்த மட்டும் அளக்குறது) போட்டு கன்னத்துல வைங்க. மாநிறம்னா அப்படியே விடுங்க, நல்ல கறுப்புன்னா ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தப் பாதியா) குறைங்க, இல்லாட்டி அவங்கள சாம்பலா ஆக்கிடும். சுவர் வெளுத்தா வெளுக்கட்டும். அப்புறம் ரா ஃபைல்ல (கேமரா பதிஞ்சத அப்படியே வெச்சிருக்குற ஃபைல்) எடுங்க, மோனோ செட்டிங் வெச்சா திரைல கருப்பு வெள்ளையாத் தெரியும், ஃபைல்ல கலர் அப்படியே இருக்கும். லைட்ரூம்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல பிளாக் அண்ட் ஒயிட் மிக்ஸ்ல ஆரஞ்சு ஸ்லைடர மட்டும் கொஞ்சம் ஏத்துங்க, தோல் பெரும்பாலும் அதுலதான் வரும். ஆனா தயவுசெஞ்சு வெளுப்பாக்கிடாதீங்க, பாட்டி நிறம் பாட்டி நிறமாவே இருக்கணும், கன்னத்துச் சுருக்கமும் மூக்குத்தி மினுக்கும் அப்பதான் எடுபடும்.

பதில் 3:
நான் இன்னும் ஃபிலிம்தான். இல்ஃபோர்ட் எச்பி5, ஐஎஸ்ஓ 400 ஃபிலிம், அத கேமராவுல 1600னு வெச்சு எடுத்துட்டு டெவலப் பண்ற நேரத்தக் கூட்டுவேன், அடுப்படி இருட்டுக்கு சரியா இருக்கும். எடுத்ததும் வீட்ல எல்லாருக்கும் காட்டுங்க, அவங்க வேணாம்னு சொன்ன படத்த வெளில போடாதீங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா! 1/100ல கோடு சுத்தமா போச்சு, ஸ்பாட் வெச்சதும் பாட்டி கண்ணு ரெண்டும் தெரியுது. ஆனா 1/50ல அம்மா பின்னுற கை கலங்குது?

பதில் 1:
விரல் கலங்கினா பின்னுற வேகம் தெரியும், எனக்கு அது புடிக்கும், தங்கச்சி முகம் ஷார்ப்பா இருந்தா போதும். புடிக்கலன்னா பகல்ல ஜன்னல் வெளிச்சத்துல 1/250 வெச்சுட்டு ஐஎஸ்ஓ 3200 வரை தைரியமா ஏத்துங்க, கருப்பு வெள்ளைல நாய்ஸ் (புள்ளி புள்ளியாத் தெரியுறது) அவ்வளவா உறுத்தாது.