நகைக்கீற்றா, நகைத்திறமா: பாவைக்கூத்து எழுத்தாளர் ஒருவருக்காக ஒரு சொல் தேடல்

கொடைக்கானலிலிருந்து, திங்கள் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

காட்சித் தொடர்பியல் மாணவியருக்காக நான் தமிழாக்கிக்கொண்டிருக்கும் பாடநூலின் நான்காம் இயல் வெள்ளிக்கிழமை மாலைப் பேருந்தில் திண்டுக்கல் அச்சகத்துக்கு இறங்கியாக வேண்டும். ஜெர்ரி ஜூல் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை எழுத்தாளரின் தொழில்வாழ்க்கையைப் பற்றியது அந்த இயல். 1961இல் அமெரிக்கப் பாவைக்கலைஞர் ஜிம் ஹென்சனின் குழுவில் பாவை ஆட்டுபவராகச் சேர்ந்த அவர், 1963இல் ஃபிராங்க் ஆஸ் என்னும் மற்றொரு பாவை ஆட்டுபவர் வந்து சேர்ந்ததும் பாவையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். 1969இல் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் என்னும் சிறுவர் தொலைக்காட்சித் தொடருக்கு எழுதினார். 1976 முதல் 1981 வரை 120 பகுதிகளாக வந்த மப்பெட் ஷோ என்னும் ஹென்சன் குழுவின் பாவை நகைச்சுவைத் தொடரில் இரண்டாம் பருவத்திலிருந்து தலைமை எழுத்தாளராக இருந்தார். அதன் பிறகு ஃபிராகிள் ராக் என்னும் பாவைத் தொடர். 2005இல் மறைந்தார்.

இதுவரை தடையில்லை. அவர் வாழ்நாளெல்லாம் எழுதிய பொருளுக்குத்தான் நம்மிடம் பெயரில்லை. ‘ஸ்கெட்ச்’ என்னும் சொல் இந்த இயலில் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. முதல் வரைவில் ‘குறுநாடகம்’ என்று எழுதி வகுப்பில் படித்துக் காட்டினேன். நாடகம் என்றால் முடிவு இருக்க வேண்டுமே, இவற்றில் ஒன்றுக்கும் முடிவு இல்லையே என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டது சரி. இவை சில நிமிடக் காட்சிகள். ஒரே ஒரு விபரீத நிலைமையை எடுத்துக்கொண்டு அதைத் திருகிக்கொண்டே போகும். யாரும் திருந்துவதில்லை, எதுவும் தீர்வதில்லை. இரண்டாம் பருவத்தில் தொடங்கிய ‘விண்வெளியில் பன்றிகள்’ என்னும் வரிசையில் அந்தக் கப்பல் எங்கும் போய்ச் சேர்வதே இல்லை. முடிக்க வழி தெரியாத காட்சியை வெடி வைத்தோ, ஒரு பாவை மற்றொன்றை விழுங்கியோ முடிப்பது ஹென்சன் குழுவின் பழைய வழக்கம். ஆகவே சொல்லில் சிறுமை இருக்க வேண்டும், சிரிப்பு இருக்க வேண்டும், முடிவுபெறாத தன்மையும் இருக்க வேண்டும். வியாழன் இரவுக்குள் உதவுங்கள்.

பூம்பாறையிலிருந்து, திங்கள் இரவு

அம்மா, ‘ஸ்கெட்ச்’ என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மாணவியர் நாளைக்கு ஒரு தொலைக்காட்சி அலுவலகத்தில் வேலைக்குச் சேரும்போது அங்கே இந்தச் சொல்லைத்தான் கேட்பார்கள். நாம் புதிதாக ஒன்றைச் செய்து கொடுத்தால் தேர்வுக்கு ஒரு சொல், தொழிலுக்கு ஒரு சொல் என்று இரண்டைச் சுமக்க வேண்டியிருக்கும்.

பெருமாள்மலையிலிருந்து, செவ்வாய் காலை

பூம்பாறைத் தம்பியின் கவலை நியாயமானதே. ஆனால் அந்தச் சொல் தமிழில் காலியாக இல்லை. ஒருவனுக்கு ‘ஸ்கெட்ச் போட்டுவிட்டார்கள்’ என்றால் அவனைத் தீர்த்துக்கட்டத் திட்டமிட்டுவிட்டார்கள் என்றுதான் நம் மக்கள் புரிந்துகொள்வார்கள். ‘ஜூல் வாரந்தோறும் ஸ்கெட்ச் போட்டார்’ என்று பாடநூலில் வந்தால் அவர் எந்தக் கும்பலைச் சேர்ந்தவர் என்று கேட்பார்கள். அதை விட்டால் அந்தச் சொல்லுக்கு மிச்சமிருக்கும் பொருள் வண்ணப் பேனா.

தாண்டிக்குடியிலிருந்து, செவ்வாய் நண்பகல்

அம்மையீர், வணக்கம். காப்பிக்கொட்டை காயப்போடும் வேலைக்கு இடையில் எழுதுகிறேன், நீண்டுவிட்டால் பொறுத்தருள்க.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்து, ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ என அது பிறக்கும் நிலைக்களன் நான்கினையும் வகுத்தார். தாங்கள் முன்பு அனுப்பிய பகுதிகளைப் படித்துப் பார்த்தேன். மேல்மாடத்தில் அமர்ந்து மேடையை ஏசிக்கொண்டே இருக்கும் கிழவர் இருவரும் எள்ளல். தன் அழகை வியந்து நிற்கும் பன்றிக் கப்பலின் தலைவன் மடன். ஆகவே இந்த அமெரிக்கர் எழுதியது நம் இலக்கணத்துக்கு அயலானது அன்று. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் விநோதக் கூத்தின் வகைகளை எண்ணும்போது தோற்பாவையையும் நகைத்திறச் சுவையையும் ஒரே வரிசையில் வைக்கிறார். பாவையும் நகையும் ஓரிடத்தில் சேர்ந்து நிற்கும் அந்த வரிசையை விட்டுவிட்டு நாம் ஏன் வெளியே தேட வேண்டும்? ‘நகைத்திறம்’ என்பதே என் பரிந்துரை. எழுதுபவர் நகைத்திறனாசிரியர்.

இன்னும் ஆழமாகப் பார்த்தால், பாவை என்னும் சொல்லே நகையோடு பிறந்தது என்று கருத இடமுண்டு. கொல்லிமலையில் நின்ற பாவை காண்பவரை நகைத்து மயக்கி உயிர் கொண்டது என்பது மரபு. மாதவி ஆடிய பதினோராடலில் பாவையும் ஒன்று. அது திருமகள் அவுணரை மயக்க ஆடியது. கண்ணின் மணியையும் பாவை என்கிறோம். நகு என்னும் அடிக்கு ஒளிர்தல் என்னும் பொருளும் உண்டு. ஒளிரும் கண்ணுள் இருக்கும் பாவை, ஒளிர்ந்து நகும் பாவை, நகைப்பிக்கும் பாவை என்று பொருள் விரிந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. கூத்து என்பது குதி என்பதிலிருந்து வந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். அதைத் தனி மடலில் விளக்குகிறேன்.

பெருமாள்மலையிலிருந்து, செவ்வாய் மாலை

ஐயா, கொல்லிப்பாவை நகைத்தது. பார்த்தவர்கள் நகைக்கவில்லை, செத்துப்போனார்கள். நமக்கு வேண்டியது பார்ப்பவரைச் சிரிக்கவைக்கும் பாவை. தனி மடலை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பழனியிலிருந்து, செவ்வாய் இரவு

அம்மாவின் வரைவில் சில இடங்களில் ‘பொம்மலாட்டம்’ என்றும் சில இடங்களில் ‘பாவைக்கூத்து’ என்றும் உள்ளது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொம்மை என்பதோடு ஆட்டம் சேர்ந்தால், ‘இ ஈ ஐ வழி யவ்வும்’ என்னும் நன்னூல் விதிப்படி ‘பொம்மையாட்டம்’ என்றுதான் வர வேண்டும். நடுவில் நிற்கும் லகரம் தமிழ்ப் புணர்ச்சியால் வந்ததன்று. தெலுங்கில் பொம்மலு என்பது பன்மை. வேற்றுமையில் அது பொம்மல ஆகும். அங்கிருந்து வந்த லகரம் அது. சொல் முழுதாக அப்படியே வந்து நம்மிடம் தங்கிவிட்டது.

இதை விரட்டுவதற்காகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் தோற்பாவைக்கூத்தைக் காத்துவரும் குடும்பங்களின் வீட்டு மொழி மராத்தி. அவர்கள் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் தமிழில் சண்டையிட வைத்துத்தான் ஊரைச் சிரிக்கவைத்தார்கள். இராமாயணத்துக்கு இடையில் வரும் அந்தச் சண்டைக்கும் கதைக்கும் தொடர்பு இருக்காது. அதுவும் அம்மா கேட்கும் பொருள்தான்.

‘கைப்பாவை’ என்று எழுதியிருப்பதை மட்டும் மாற்றிவிடுங்கள். கையை உள்ளே நுழைத்து வாயை அசைக்கும் பாவைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்பது உண்மையே. ஆனால் நாளிதழ்கள் அதை அரசியலுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன.

பண்ணைக்காட்டிலிருந்து, புதன் காலை

எல்லோரும் ஏட்டைப் புரட்டுகிறீர்கள். எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் கீழேயிருந்து நாடகக் குழு வரும்போது, வள்ளியும் வேலனும் மேடைக்கு வருவதற்கு முன்னால் பபூன் வந்து நெடுநேரம் சிரிக்கவைத்துவிட்டுப் போவதைப் பார்க்காதவர் இந்தக் குழுவில் யாரேனும் இருக்கிறீர்களா? அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஒரே பெண்டாட்டிச் சண்டையை இருபது வருடமாக ஆடுகிறார்கள், நாங்களும் இருபது வருடமாகச் சிரிக்கிறோம். ‘பபூன் காட்சி’ என்றால் மலையில் எந்தக் கிழவிக்கும் புரியும். பபூன் ஆங்கிலச் சொல் என்று தாண்டிக்குடி ஐயா சொல்வார். அவர் ஊர்த் திருவிழாவிலும் ஒலிபெருக்கியில் அப்படித்தான் அறிவிக்கிறார்கள்.

கொடைக்கானலிலிருந்து, புதன் மாலை

பண்ணைக்காட்டு ஐயாவின் எடுத்துக்காட்டை அப்படியே இயலின் தொடக்கத்தில் சேர்த்துவிட்டேன். விளக்குவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சொல்லாக வைக்க ஒரு தடை இருக்கிறது. பபூன் காட்சி அந்த நடிகருடையது. அவர் மேடையில் நின்றுகொண்டே அதை உண்டாக்குகிறார். ஜூல் எழுதியது பிறர் ஆட்டுவதற்காக. பாவை ஆட்டுபவர்கள் உயர்த்திக் கட்டிய தளத்துக்குக் கீழே நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, தங்கள் பாவையை எதிரிலுள்ள தொலைக்காட்சித் திரையில் பார்த்துக்கொண்டே ஆட்டுகிறார்கள். அந்தக் கைக்கு எது முடியும், எது முடியாது என்பதைத் தன் கையாலேயே அறிந்தவர் எழுதியதால்தான் அந்தக் காட்சிகள் நின்றன என்பதே இயலின் மையம்.

இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாய் மருத்துவராக வரும் கால்நடை மருத்துவமனை வரிசை முழுக்க முழுக்கச் சிலேடை. ஒன்றையும் மொழிபெயர்க்க இயலவில்லை. ‘நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று’ என்னும் குறளை ஈடாக வைத்திருக்கிறேன். வெட்கத்துக்கும் கயிற்றுக்கும் ஒரே சொல்லை வைத்து வள்ளுவர் ஒரு பாவையை ஆட்டிக் காட்டியிருக்கும்போது, பாவையும் சிலேடையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மாணவியருக்கு விளக்க எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

பெருமாள்மலையிலிருந்து, புதன் இரவு

நான் ‘நகைக்கீற்று’ என்பதை முன்வைக்கிறேன். முதலில் ‘நகைத்துணுக்கு’ என்று நினைத்தேன். ஆனால் துணுக்கு என்றால் வார இதழில் பக்கத்தின் மூலையை நிரப்பும் மூன்று வரிதான் நினைவுக்கு வருகிறது. கதையில்லாத மேடை நாடகங்களை ‘துணுக்குத் தோரணம்’ என்று இகழ்வதும் உண்டு. கீற்று என்பதில் அந்தக் கறை இல்லை. நிலாக்கீற்று, ஒளிக்கீற்று, மாங்காய்க் கீற்று என எங்கே வந்தாலும் அது முழுமையின் ஒரு சிறு பகுதி. முடிவு வேண்டும் என்று யாரும் அதனிடம் கேட்பதில்லை. புணர்ச்சியிலும் இடறவில்லை: கீற்றெழுத்தாளர், கீற்றுத்தொடர், பாவைக்கீற்று. ‘புன்னகைக் கீற்று’ ஏற்கெனவே வழக்கில் இருப்பது கூடுதல் வசதி.

தாண்டிக்குடியிலிருந்து, வியாழன் விடியற்காலை

நகைக்கீற்று என்றால் தங்கக் கம்பி என்றுதான் எந்த மாணவியும் நினைப்பாள். மேலும், கீற்று என்றவுடன் தென்னங்கீற்று நினைவுக்கு வரும். தென்னை வளராத கொடைக்கானல் மேட்டில், தகரக் கூரையின்கீழ் அமர்ந்துகொண்டு கீற்று வேய்வது பொருத்தமா?

ஆயினும் நேர்மையாக ஒன்றைக் கூற வேண்டும். கீற்று என்பது கீறு என்னும் வினையின் வழிவந்தது. கோடு இழுத்தலும் கீறுதலே. ஈழத்தில் இன்றும் படம் வரைதலைப் ‘படம் கீறுதல்’ என்றே சொல்கிறார்கள். விரைந்து இழுத்த கோட்டோவியத்தின் பெயரைத்தான் ஆங்கிலேயர் மேடைக்கு ஏற்றினார்கள் என்பதால், பெருமாள்மலையார் அறிந்தோ அறியாமலோ அதே தடத்தில் காலை வைத்திருக்கிறார். இதை எனக்கு எதிரான சான்றாகவே தருகிறேன். கிறுக்குதல் என்பதும் இதற்கு உறவாகலாம்.

பூம்பாறையிலிருந்து, வியாழன் காலை

அப்படியானால் ‘கிறுக்கெழுத்தாளர்’ என்றே வைத்துவிடலாம் ஐயா. மப்பெட் ஷோவைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள்.

நகைக்கீற்று நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன். நகை என்றால் எங்களுக்கு அடகுக் கடை.

பெருமாள்மலையிலிருந்து, வியாழன் நண்பகல்

தம்பி, எஃப்.எம். என்பதன் தமிழாக்கமான அதிர்வெண் பண்பேற்றம் என்பதைச் சுருக்கிப் பண்பலை என்று யாரோ வைத்தபோதும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இன்று பூண்டு உரித்துக்கொண்டே கோடைப் பண்பலை கேட்கும் உங்கள் ஊர்ப் பெண்களில் எவரும் அந்தச் சொல்லைக் கண்டு மிரளவில்லை. பண் என்பது பாட்டு, அலை என்பது அலை என்று அவர்களாகவே பொருள் செய்துகொண்டார்கள். அது பிழையான பிரிப்பு என்பதால் வானொலி நின்றுவிடவில்லை.

கொடைக்கானலிலிருந்து, வியாழன் இரவு

மின்சாரம் இரண்டு முறை போய்விட்டது. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். இங்கும் தனி மடலிலும் கருத்துச் சொன்ன ஒன்பது பேரில் ஆறு பேர் நகைக்கீற்று. நகைத்திறம், பபூன் காட்சி ஆகியவற்றுக்கு ஒவ்வொருவர். எதுவானாலும் சரி, மடல்களை நிறுத்துங்கள் என்று ஒருவர். ஆறு பேரில் இருவர் ‘வேறு வழியில்லாததால்’ என்று சேர்த்திருக்கிறார்கள். நகைக்கீற்று என்று வைத்து, முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘ஸ்கெட்ச் எனப்படும்’ என்று எழுதுகிறேன். பாவைக்கூத்து என்பதை இயல் முழுவதும் சீராக்கிவிட்டேன். தாண்டிக்குடி ஐயாவை மதித்து, ‘இதனை நகைத்திறம் என்றும் கூறுவர்’ என்று ஓர் அடிக்குறிப்பும் சேர்த்திருக்கிறேன்.

தாண்டிக்குடியிலிருந்து, சனி காலை

அடிக்குறிப்புக்கு நன்றி. ஆனால் ‘கூறுவர்’ என்பது பலர்பால் வினைமுற்று. தங்கள் கணக்கின்படி அவ்வாறு கூறுபவன் நான் ஒருவனே. உயர்வு கருதிய பன்மை என்று அமைதி கூற வேண்டாம். உயர்வு கருதியிருந்தால் சொல்லையே ஏற்றிருப்பீர்கள். மெய்ப்புப் படி திண்டுக்கல்லிலிருந்து திரும்பி வரும்போது அதைத் திருத்துங்கள். அல்லது இன்னும் ஒருவரை என் பக்கம் சேர்த்துக்கொள்ள எனக்குச் செவ்வாய் வரை அவகாசம் தாருங்கள். பண்ணைக்காட்டாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.