அங்கன்வாடிக்கு ஊரு கை கொடுத்தா அரசு கை கழுவிருமா?

கடற்கரை_மருமகள்: குமரி மாவட்டம் ராஜாக்கமங்கலம் பக்கம் எங்க ஊரு. இந்த ஜூன்ல பதினோரு பிள்ளைய அங்கன்வாடியில இருந்து ஒண்ணாம் வகுப்புக்குப் போவுது. மகளிர் குழுவும் சர்ச் நிர்வாகம் பாக்குற பங்குப்பேரவையும் சேர்ந்து ஒரு யோசனை வச்சிருக்கு: வாரம் ரெண்டு நாள் ஊர்ப் பெண்கள் முறை வச்சுப் போய் கதை, பாட்டு, விளையாட்டு. உடைஞ்ச ஜன்னல் கம்பியையும் குழுச் செலவுல மாத்தலாம்னு பேச்சு. ஒரு கூட்டம் வேண்டாம்னு நிக்குது. நீங்க என்ன சொல்லுதீங்க?

மேலத்தெரு_சாமி: அந்தக் கூட்டத்துல நானும் உண்டு, ஒளிக்கல்ல. அங்கன்வாடி நடத்துற ஐசிடிஎஸ் திட்டம் ஆரம்பிச்சது 1975 அக்டோபர் 2. அம்பது வருசம் ஆச்சு, இன்னும் கம்பிக்கு ஊர்ல பிரிவு போட்டு பணம் வசூலிக்கணுமா? இன்னைக்கு நீங்க போட்டா நாளைக்கு கூரை ஒழுகினாலும் ‘ஊரு பாத்துக்கிடும்’னு மனுவை ஓரங்கட்டிருவாவ. 2019ல 2381 அங்கன்வாடியில எல்கேஜி தொடங்கினாவ. 2022ல அந்த டீச்சர்மாரைப் பள்ளிக்கூடத்துக்கே திருப்பி அனுப்பினப்போ நடத்தவே போறதில்லன்னு ஆச்சு. சத்தம் போட்ட பிறகுதான் 5000 ரூபா சம்பளத்துல ஆள் போடுதோம்னு வந்தாவ. சத்தம் போடணும், பிரிவு இல்ல. பேரவை முன்னால நின்னா எங்க தெருக்காரன் பிள்ளைய அனுப்புவானா, அதையும் யோசிங்க.

கருங்கல்_டீச்சர்: நான் இந்த வேலையில இருக்கவ, அதனால சொல்லுதேன். எடை பாக்கணும், போஷன் டிராக்கர்னு போன் ஆப்ல ஏத்தணும், முட்டை அவிக்கிறதைப் பாக்கணும், இடையில வாக்காளர் பட்டியல் வேலையும் தலையில விழும். உதவியாளர் லீவுன்னா ஒரு பிள்ளைக்கு கால் கழுவி விட்டுட்டு வாறதுக்குள்ள இன்னொண்ணு கேட்டைத் திறந்து ரோட்டுல நிக்கும். கூட ஒரு ஆள் வந்தா எனக்கு அது பெரிய காரியம்.

ஆனா சிலேட்டோட வராதீங்க. போன வருசம் நல்ல மனசோட ரெண்டு பேர் வந்து மூணு வயசுப் பிள்ளை விரலைப் பிடிச்சு ‘அ’ எழுத வச்சாவ, அது அழுத அழுகை இன்னும் காதுல கேக்கு. ஒரு நாள் பேத்தியைக் கூட்ட வந்த பாட்டி மடியில வலையும் ஊசியும் இருந்துது. நாலு பிள்ளைய சுத்தி உக்காந்து கண்ணியில நூலைக் கோத்துக் கோத்து இழுக்குது, அரை மணிநேரம் ஒரு சத்தமில்ல. பென்சில் பிடிக்கிற விரலுக்கு அதைவிட என்ன பயிற்சி வேணும்?

நாஞ்சில்_பேரன்: தாத்தா நெல்லு அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்லமாட்டார், ‘லாபம், ரெண்டு, மூணு’ன்னுதான் எண்ணுவார். எம் மவன் அதைக் கேட்டுப் படிச்சவன். ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல எல்கேஜிக்கு எண்ணச் சொன்னாவ. ‘லாபம்’னு தொடங்கினான், பிள்ளைக்கு எண்ணத் தெரியலைன்னு திருப்பி அனுப்பிட்டாவ! 2009 கல்வி உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவு ஆறு வயசு ஆன பிள்ளையச் சேர்க்கவே தேர்வு வைக்கக்கூடாதுங்குது. எனக்கு அது பிறகுதான் தெரியும். பிள்ளையத் தயார் பண்ணுங்கோ, வேண்டாம்னு சொல்லல்ல. பள்ளிக்கூடத்தை யாருவே தயார் பண்ணுவா?

குலசேகரம்_ரப்பர்: கதை எல்லாம் சரி. எங்க பக்கம் ரப்பர் மரத்துல பால்வெட்டுக்கு விடியக்காலம் போவணும். அங்கன்வாடி திறக்கிறது வரைக்கும் பிள்ளைய யாரு பாக்க? ஊரு கூடிச் செய்யணும்னா முதல்ல அதைச் செய்யுங்க.

மேலத்தெரு_சாமி: அதுவும் அரசு செய்யவேண்டியதுதான்.

குலசேகரம்_ரப்பர்: அரசு வாறதுக்குள்ள எம் பிள்ளை பத்தாம் வகுப்பு போயிரும் அண்ணாச்சி.

கடற்கரை_மருமகள்: குழுவுல பேசிட்டு வாறேன். கம்பிக்குப் பிரிவு இல்ல, மே 1 கிராமசபையில மனு. பேரவை முன்னால நிக்காது. டீச்சர் சொல்லுற நாளைக்கு, அவ்வோ சொல்லுற மாதிரி நாங்க போவோம். மேலத்தெருவுல இருந்தும் ரெண்டு பெண்கள் வரணும், அதை சாமி அண்ணாச்சிதான் பேசி அனுப்பணும். விடியக்காலக் காரியம் எங்களால இப்போ முடியாது தம்பி, மன்னிச்சிருங்க.

மேலத்தெரு_சாமி: மனுவுல எங் கையெழுத்தையும் போட்டுக்கிடுங்க. வீட்டுல கேட்டேன், புதன்கிழமைன்னா வருவாளாம்.