அரியதரம் எண்ணெய்க்குள்ள பிரியுது, கைப்பக்குவம் தெரிஞ்சவை சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. நாங்கள் கிளிநொச்சி உருத்திரபுரம். திருவெம்பாவையின்ர பத்தாம் நாள், திருவாதிரை அண்டு, குடும்பம் முழுக்க எங்கட வீட்டில கூடுது. பிரான்சில இருந்து சித்தி ஆக்கள், வவுனியாவில இருந்து பெரியம்மா வீட்டுக்காரர், எல்லாமா 35 பேர். பலகாரம் ஒண்டும் கடையில வாங்கிறேல்ல எண்டு முடிவெடுத்திட்டன்.

அம்மம்மா இருக்கேக்க, விடியக் கருக்கலில திருவெம்பாவை பாடுற ஆக்கள் சங்கும் சேமக்கலமுமா (கோலால அடிக்கிற வெண்கலத் தட்டு) ஒழுங்கையால வர முதலே முழுகிப்போட்டு அடுப்படியில நிப்பா. அவ சுடுற சீனி அரியதரம் ஓரம் மொறுமொறுப்பு, நடு மெத்தெண்டு இருக்கும். அளவு எழுதி வைக்கேல்ல, எல்லாம் கை அளவுதான்.

நேற்று நான் சுட்டுப் பார்த்தன். 1 கிலோ பச்சையரிசி ஊறவிட்டு இடிச்சு அரிச்சு, முக்கால் கிலோ சீனியும் கொஞ்சம் ரவையும் சேர்த்துக் குழைச்சு இரவு முழுக்க மூடி வைச்சன். விடியப் பார்த்தால் மா இளகிப்போய்க் கையில ஒட்டுது. தட்டிப் போட்ட உடனே நூல் நூலாப் பிரிஞ்சு, தாச்சி முழுக்க நுரை. முதல் ஈடு அப்பிடியே போச்சு, மனசே விட்டுப்போச்சு.

சீனி கூடிப்போச்சோ? இல்லாட்டி இந்த மார்கழி மழை ஈரத்தில அரிசி சரியா வடியேல்லையோ? மாவில பாதியை வறுத்துக் கலந்தால் சரிவருமோ?

பயத்தம் பணியாரம் எனக்கு நல்லா வரும். ஆனால் எத்தினை நாளுக்கு முதல் சுட்டால் பழுதாகாது?

இன்னொண்டு. பரந்தன், உருத்திரபுரம் பக்கம் இப்பவும் சங்கூதிப் பாடிக்கொண்டு வாற ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ. சித்தியின்ர பிள்ளையள் சேமக்கலம் அடிக்க ஆசைப்படுகினம்.