முதல் தடை ஓட்டம், டென்ட்டில் இரண்டு இரவு: ஜோடியாகப் போகும்போது எதைக் கவனிக்கணும்?

நத்தைவேகம்:
நானும் கணவரும் ஸ்பார்ட்டன் சூப்பருக்கு (10 கி.மீ., 25 தடைகள்) ஓபன் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறோம். முந்தின நாள் இரவும் ஓடி முடித்த இரவும் மைதானத்தை ஒட்டிய முகாமில் டென்ட். ஓட்டம் பழக்கம்தான், தடைகள் பழக்கமில்லை. என் எடை 56 கிலோ, அவர் 88. எட்டடிச் சுவரில் இரண்டு பேரும் எப்படி ஏறுவது? சேறோடு திரும்பி வந்து அதே டென்ட்டில் எப்படிப் படுப்பது? காலையில் என்ன, எவ்வளவு சாப்பிடுவது? பொதுவான அறிவுரை வேண்டாம், அளவோடு சொன்னால் நல்லது.

கூடாரக்கயிறு:
முகாம் பகுதியை நான் எடுத்துக்கிறேன்.

"இரண்டு பேருக்கு" என்று எழுதியிருக்கிற டென்ட் ரெண்டு பாய்க்குத்தான் அளவெடுத்தது, பைக்கு இடமிருக்காது. மூணு பேர் டென்ட் எடுங்க, வாசல்ல கூரை நீட்டி மூடின முன்தளம் கட்டாயம் இருக்கணும். சேறு பட்ட எதுவும் அந்த முன்தளத்தைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. உங்க ரெண்டாவது இரவு நல்லா இருக்குமா என்பது இந்த ஒரு விதியில்தான் இருக்கு.

இருட்டுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி போய்ச் சேருங்க. பள்ளத்தில் போடாதீங்க, புல் நல்லா பச்சையா, தட்டையா இருக்கிற இடம்தான் பல சமயம் மழைத்தண்ணி தேங்குற இடம். அடியில் விரிக்கிற தார்ப்பாய் டென்ட் தரையைவிட நாலு பக்கமும் 5 செ.மீ. சின்னதா இருக்கணும். வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா மழைத்தண்ணியைப் பிடிச்சு நேரா உங்க முதுகுக்கு அடியில் கொண்டுவந்து விடும். புதுசா டென்ட் வாங்குறவங்க அதிகமா செய்ற தப்பு இதுதான்.

காற்றுப்புழையை மழையிலும் மூடாதீங்க. ரெண்டு பேர் ராத்திரி முழுக்க விடுற மூச்சு உட்கூரையில் நீரா படியும், விடியறப்ப தூக்கப்பை நனைஞ்சிருக்கும். அப்புறம் "டென்ட் ஒழுகுது"ன்னு புலம்புவாங்க.

குளிர் மேலிருந்து வர்றதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் வரும். பாயில் R மதிப்பு (தரைக்குளிரைத் தடுக்கிற திறன்) பாருங்க: வெயில் காலத்துக்கு 2 போதும், இரவு 5 டிகிரி பக்கம் இறங்கும்னா 4 வேணும். R2 ஃபோம் மேல R2 காற்றுப்பாய் போட்டா கூட்டி 4 ஆயிடும், புதுசு வாங்க வேண்டாம்.

தண்ணி: குடிக்க, சமைக்கத் தவிர, கழுவ மட்டும் ரெண்டு பேருக்கும் சேர்த்து 20 லிட்டர். கறுப்பு கேனில் ஊத்தி, ஓடக் கிளம்புறப்போ வெயிலில் வெச்சுட்டுப் போங்க, திரும்பி வர்றப்போ வெதுவெதுன்னு இருக்கும். மைதானத்துக் குழாயில் பனிக்கட்டி மாதிரி தண்ணியும் நீள வரிசையும்தான் இருக்கும்.

ஓடி முடிச்சப்புறம் வரிசை: முதல்ல கையும் முகமும், அப்புறம் காயங்கள், அப்புறம் தலை, கடைசியா கால். கழற்றின துணியை உடனே கனமான குப்பைப் பையில் போட்டுக் கட்டிடுங்க, ஆளுக்கு ஒண்ணு. ஷூவை இன்னொரு பையில். அதைத் தீ பக்கத்தில் காய வைக்காதீங்க, அடிப்பசை இளகிப் பிரிஞ்சுடும். உள்ளே நாளிதழ் அடைச்சு, ரெண்டு மணிக்கு ஒரு தடவை மாத்தினாலே போதும்.

எரிவாயு: ஒரு லிட்டர் கொதிக்க 10–15 கிராம் போகும், காற்று அடிச்சா இன்னும் கூடும். ரெண்டு இரவு, ரெண்டு காலைக்கு 8 லிட்டர்னு வெச்சுக்கிட்டாலும் 230 கிராம் சிலிண்டர் ஒண்ணு தாராளம். மழை பெய்தாலும் அடுப்பை டென்ட்டுக்குள்ளேயோ மூடின முன்தளத்திலேயோ பத்த வைக்கக் கூடாது. அடுப்பு விடுற விஷவாயு கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எட்டடிச்சுவர்:
சுவருக்கு வருவோம். ஓபன் பிரிவில் ஒருவருக்கொருவர் உதவலாம். போட்டியாக ஓடும் எலீட் (உயர்நிலை), வயதுப் பிரிவுகளில் கூடாது. ஆகவே கீழே சொல்வது உங்களுக்குப் பொருந்தும்.

கணவர் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்காருவதுபோல் முழங்காலை மடக்கி நிற்கட்டும். இரு கைவிரல்களையும் கோத்து, உள்ளங்கை மேல்நோக்கியபடி தொடைமேல் ஊன்றிக்கொள்ளட்டும். நீங்கள் ஒரு கையைச் சுவரிலும் மறு கையை அவர் தோளிலும் வைத்து, அவர் கோத்த கையில் ஒரு கால், அடுத்து அவர் தோளில் ஒரு கால். முழங்காலிலோ தொடையின் நடுவிலோ மிதிக்கக் கூடாது. இடுப்பை ஒட்டி மிதித்தால்தான் அவருக்கு வலிக்காது. அவர் முதுகால் தூக்காமல் கால்களை நிமிர்த்தி எழ வேண்டும். விளிம்பு எட்டியதும் விரலால் தொங்காதீர்கள். அக்குளை விளிம்பின் மேல் மாட்டி, ஒரு குதிகாலையும் மேலே போட்டுவிட்டால் உடம்பு தானாக உருண்டு ஏறிவிடும்.

அடுத்து அவர். மூன்று நான்கு எட்டு ஓடிவந்து, இடுப்பு உயரத்தில் ஒரு காலைச் சுவரில் ஊன்றி, முன்னோக்கி இல்லாமல் மேல்நோக்கி உதைக்க வேண்டும். பெரும்பாலோர் சுவருக்கு மிக அருகில் வந்தபின் தாவுவதால்தான் முழங்கால் இடிக்கிறது. முடியவில்லையென்றால் நீங்கள் மேலிருந்து கைகொடுத்து இழுக்க முயல வேண்டாம். 88 கிலோ, 56 கிலோவைக் கீழே கொண்டுவந்துவிடும். பின்னால் வருகிறவர்களிடம் கேளுங்கள், கீழிருந்து தள்ளிவிடுவார்கள். மறுபக்கம் இறங்கும்போது முழுக் கை நீளத்துக்குத் தொங்கி, பிறகு விடுங்கள். விளிம்பில் உட்கார்ந்து குதிப்பதுதான் கணுக்காலை முறிக்கும்.

கயிறு ஏறுவது கை வேலை என்று நினைக்கிறார்கள். கால் வேலை. கயிறு வலக்காலின் வெளிப்பக்கமாக இறங்கி வலப்பாதத்தின் அடியில் போகட்டும். இடக்காலால் அதை அள்ளி வலப்பாதத்தின் மேல் போட்டு மிதித்தால் பூட்டு விழுந்துவிடும். நிமிர்ந்து நில், கையை மேலே நகர்த்து, முழங்காலை நெஞ்சுக்கு இழு, மறுபடி பூட்டு. ஐந்தாறு பூட்டில் உச்சியில் இருக்கும் மணி எட்டிவிடும். இறங்கும்போது சறுக்கினால் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விடும்.

ஈட்டி எறியும் தடையில் பலர் தோற்பதற்குக் காரணம் குறி தவறுவது மட்டும் இல்லை. ஈட்டியின் வாலில் கயிறு கட்டியிருக்கும். அது காலில் மிதிபட்டோ வேலியில் சிக்கியோ பாதியில் நின்றுவிடும். எறியும் முன் கயிற்றை முன்பக்கமாகத் தளர்த்திப் போடுங்கள், ஐந்து நொடி வேலை. தவறினால் 30 பர்ப்பியா (தரையில் படுத்து எழுந்து குதிக்கும் பயிற்சி), தண்டனையாக ஓடும் கூடுதல் சுற்றா என்பதை அந்தப் போட்டியின் கையேட்டில் முன்பே பார்த்துவிடுங்கள்.

கையுறை வேண்டாம். நனைந்தபின் கம்பியில் வழுக்கும். தொங்கும் தடைக்கு முன்னால் கையைக் காய்ந்த மண்ணில் தேய்த்துக்கொள்வது அதைவிட மேல்.

ஷூ: அடிப்பல் 5–6 மி.மீ. ஆழம், பக்கங்களில் வலை. தண்ணீர் புகாத சவ்வு உள்ள ஷூ இங்கே எதிரி. மேலே வழியாக நுழைந்த தண்ணீர் வெளியேறாது. பருத்தி சாக்ஸும் அப்படியே.

மருந்துப்பெட்டி:
மேலே இருவரும் விட்ட ஒன்று: சேற்றுத் தண்ணீரை விழுங்காதீர்கள். 2012-இல் அமெரிக்காவின் நெவாடாவில் நடந்த தடை ஓட்டம் ஒன்றுக்குப் பிறகு பலருக்குக் கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு வந்தது. கால்நடைச் சாணம் கலந்த சேற்று நீரை விழுங்கியதே காரணமாகச் சொல்லப்பட்டது. 2000-இல் போர்னியோவில் நடந்த ஈகோ சேலஞ்ச் என்ற சாகசப் பந்தயத்தில் வீரர்களுக்கு லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) பரவியது. அங்கே தொற்று ஆற்று நீரிலிருந்து. முங்கும் தடைகளில் உதட்டை இறுக்கி மூடி, மூக்கால் காற்றை வெளியே விட்டபடி போங்கள். ஓட்டத்தில் சாப்பிடும் ஜெல்லின் (சர்க்கரைக் கூழ்) உறையில் சேறு பட்டிருக்கும், அதைப் பல்லால் கிழிக்காதீர்கள். கிளம்பும் முன்பே முனையில் சின்ன வெட்டுப் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

லெப்டோவின் அறிகுறி தெரிய 2 நாள் முதல் 4 வாரம் வரை ஆகலாம். அதற்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் "சேற்றில் ஓடினேன்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார். டெட்டனஸ் ஊசி போட்டு 10 ஆண்டு தாண்டியிருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். அழுக்குக் காயத்துக்கு 5 ஆண்டுதான் கணக்கு.

குளிர்: தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். முடித்தவுடன் பதக்கத்தோடு படம் எடுத்துக்கொண்டு நிற்கும் இருபது நிமிடம்தான் ஆபத்து. காய்ந்த துணி டென்ட்டில் இருக்கக் கூடாது, பை வைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். கார் சாவியும் அதே பையில். இருவரில் ஒருவர் பேச்சு குழறினாலோ, பொத்தான் போட முடியாமல் தடுமாறினாலோ மற்றவர் உடனே மருத்துவக் கூடாரத்துக்கு அழைத்துப் போங்கள். நடுங்குகிறவருக்குத் தன் நிலை தெரியாது, ஜோடியாகப் போவதன் நிஜமான பயன் இதுதான்.

சாப்பாடு: கிளம்ப 2 மணி நேரம் முன், கிலோவுக்கு 2 கிராம் மாவுச்சத்து. உங்களுக்கு 112 கிராம்: 60 கிராம் ஓட்ஸ், ஒரு வாழைப்பழம், இரண்டு துண்டு ரொட்டி, ஒரு மேசைக்கரண்டி தேன். அவருக்கு 176: 90 கிராம் ஓட்ஸ், இரண்டு பழம், மூன்று துண்டு ரொட்டி, அதே தேன். ஓட்டத்தில் மணிக்கு 30–60 கிராம், அதாவது ஒன்று அல்லது இரண்டு ஜெல். பழக்கமில்லாத எதையும் அன்றைக்குச் சோதிக்க வேண்டாம்.

நத்தைவேகம்:
நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம். மூன்று வாரத்தில் என் கைப்பிடியை ஏதாவது செய்ய முடியுமா? திரும்பும் காலை மழை பெய்தால் டென்ட்டை ஈரத்தோடு மடிக்கலாமா?

எட்டடிச்சுவர்:
மூன்று வாரத்தில் பெரிய பலம் வராது, ஆனால் தாங்கும் நேரம் கூடும். வாரம் மூன்று நாள், கம்பியில் துண்டைப் போட்டு அதைப் பிடித்துத் தொங்குங்கள்: 20 நொடி, 5 முறை, நடுவில் ஒரு நிமிடம். 30 நொடி வந்ததும் ஒற்றைக் கையால் மாற்றி மாற்றி. கடைசி 4 நாள் எதுவும் வேண்டாம். கிழிந்த உள்ளங்கையோடு போனால் எல்லாம் வீண்.

கூடாரக்கயிறு:
மடிக்கலாம், ஆனா உள்கூடாரத்தை முதல்ல கழற்றித் தனிப் பையில் போட்டுட்டு, வெளிக்கூரையைக் கடைசியா. வீடு போன அன்னிக்கே விரிச்சுக் காய வெச்சுடணும். ஈரமா ரெண்டு மூணு நாள் கிடந்தா பூஞ்சை பிடிக்கும். அப்படியே பழக்கமாச்சுன்னா உள்பக்கப் பூச்சு பிசுபிசுன்னு உரிய ஆரம்பிக்கும், அதுக்கு மருந்து கிடையாது. முளைக்குச்சிகளையும் கழுவித் துடைச்சு வைங்க, மண்ணோடு உறையில் போட்டா துருப்பிடிக்கும்.