வாரிய வீட்டுக்குப் புரோக்கரிடம் முன்பணம் கொடுக்கலாமா?

செக்கிங்காரி, திருப்பூர்:
பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நெருப்பெரிச்சலில் ‘ஹவுசிங் போர்டு’ வீடு வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். தாராபுரம் பக்கம் மாமனார் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. எங்களுக்குத் தகுதி உண்டா?

பல்லடத்தான்:
ஹவுசிங் போர்டு வேறு அம்மிணி. நீங்கள் கேட்பது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 2021 வரை குடிசை மாற்று வாரியம். வாரியத்தின் பெயரே தெரியாத ஆளிடம் பணம் எதற்கு? பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கட்டியதென்றால் குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் பெயரில் நாட்டில் எங்குமே பக்கா வீடு, அதாவது நிலையாகக் கட்டிய வீடு, இருக்கக் கூடாது. மாமனார் பெயரில் இருப்பது கணக்கில் வராது. பாகம் பிரித்து உங்கள் வீட்டுக்காரர் பெயருக்கு வந்துவிட்டால் வரும்.

குளத்துமேட்டுக்காரி, கோவை:
குளக்கரையிலிருந்து பெயர்த்து, ஊருக்கு வெளியே வாரியக் குடியிருப்பில் குடியேற்றிய குடும்பம் எங்களுடையது. எங்களைப் போன்றவர்களுக்கு ஒதுக்கீட்டு முறை வேறு. மனுப் போட்டு வருகிறவர்கள் வீட்டுச் செலவில் தங்கள் பங்குத்தொகையைக் கட்ட வேண்டும். அது வாரியத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும், ரசீதும் வேண்டும். ஒதுக்கீட்டு ஆணையில் உங்கள் பெயர் இருக்கட்டும். வீட்டுக்காரர் கோபித்தால் திட்டத்தின் விதியே அப்படித்தான் என்று சொல்லுங்கள்.

ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது பஸ்ஸை. கரையில் இருந்தபோது நடந்தே நாலு வீட்டில் பாத்திரம் துலக்குவேன். இங்கே வந்ததும் இரண்டு வீட்டு வேலை போய்விட்டது, விடியற்காலையில் போய்ச் சேர வழியில்லை. சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. மழைக்குப் பயமில்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். சம்பளம் குறைந்ததை யாரிடம் சொல்வது? உங்கள் கம்பெனி வேன் அங்கே வருமா, ஓவர்டைம் முடிந்து இரவில் எப்படித் திரும்புவீர்கள் என்று கேட்டுக்கொண்டு பிறகு மனுப் போடுங்கள்.

செக்கிங்காரி:
வேன் அவிநாசி ரோட்டோடு நின்றுவிடும் அக்கா. மாமியாருக்கு மூட்டுவலி வேறு. கீழ்த்தளம் கேட்டால் தருவார்களா?

குளத்துமேட்டுக்காரி:
முதியோருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் கீழ்த்தளம் வேண்டுமென்று மனுவிலேயே எழுதி, மருத்துவச் சான்றையும் வைத்துவிடுங்கள். யாருக்கு எந்த வீடு என்று குலுக்கல் முடிந்த பிறகு கேட்டால் மாற்றுவது கஷ்டம். அந்த ஆள் மறுபடி வந்தால் ரசீது கேட்டுப் பாருங்கள்.