கார்புரேட்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி: பழைய கார்க்காரர்களின் அனுபவங்கள்

அம்பாசடர், மதுரை

ஸ்லோ (வண்டி நிக்கும்போது இன்ஜின் ஓடுற குறைஞ்ச வேகம்) நிக்கலை, பிக்கப் இல்லை, கறுப்புப் புகை, சிக்னல்ல ஆஃப் ஆகுது… பழைய வண்டி வச்சிருக்கிற எல்லாருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். அதுல எது நிஜமாவே கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிறது) கோளாறு, எது வேற இடத்துக் கோளாறு, எப்படிப் பிடிச்சீங்கன்னு எழுதுங்க. நான் ஆரம்பிக்கிறேன்.

என் வண்டியில இருக்கிறது எஸ்.யு. கார்புரேட்டர். (சோலெக்ஸ்ங்கிற வேற வகை கார்புரேட்டர் போட்ட அம்பாசடரும் உண்டு, அதுக்கு இது பொருந்தாது.) நிதானமா ஓட்டினா ஒரு குறையும் தெரியாது. லாரியை ஓவர்டேக் எடுக்கச் சட்டுனு மிதிச்சா, மூச்சடைச்ச மாதிரி ஒரு நொடி நின்னுட்டுத்தான் கிளம்பும். பார்த்த மெக்கானிக் கார்புரேட்டரையே மாத்திடலாம்னார்.

எஸ்.யு.வுக்கு மேல நிக்கிற சேம்பரோட தலையில ஒரு மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்தா கூடவே ஒரு கம்பி வரும், அதுதான் டாம்பர். என்னோடது பொட்டு எண்ணெய்கூட இல்லாம காய்ஞ்சு வந்தது. மிதிச்ச உடனே உள்ள இருக்கிற பிஸ்டன் எகிறிடாம பிடிச்சு வைக்கிறது அந்த எண்ணெய்தான். அது இல்லைன்னா பிஸ்டன் ஒரேயடியா மேல போயிடும், காத்து அதிகமாகி பெட்ரோல் கம்மியாகும். 20-ம் நம்பர் எண்ணெய் ஊத்தினேன், அந்தத் தயக்கம் போயிடுச்சு.

அப்படியே மிக்சரையும் (காத்தும் பெட்ரோலும் கலக்கிற அளவு) பார்த்துடலாம்னு ஏர் கிளீனரைக் கழட்டினேன். இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது பிஸ்டனை விரலால தூக்கி விட்டா 'டக்'னு உலோகச் சத்தத்தோட விழணும். மந்தமா இறங்கினா எங்கேயோ ஒட்டுதுன்னு அர்த்தம், அப்புறம் எவ்வளவு டியூன் பண்ணினாலும் வேஸ்ட். என்னோடது சரியா விழுந்தது. அடுத்து, நல்லா சூடான இன்ஜின் ஸ்லோவுல ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மியா, 1/32 அங்குலம் மட்டும் தூக்கணும். வேகம் ஏறி அந்த வேகத்துலயே ஓடினா ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். திணறி ஆஃப் ஆனா லீன், பெட்ரோல் கம்மி. லேசா ஏறிட்டுப் பழைய நிலைக்கே வந்தா சரியா இருக்கு. திருத்தணும்னா கீழ இருக்கிற ஜெட் (பெட்ரோல் வர்ற சின்னத் துளை) நட்டைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பணும். மேல ஏத்தினா லீன், கீழ இறக்கினா ரிச். இந்தச் சோதனைக்கு மீட்டரும் வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம்.

பத்மினி, கோவை

அண்ணே, என்னோடது சோலெக்ஸ். காலையில சோக் (குளிர்ந்த இன்ஜினுக்கு மிக்சரை ரிச் ஆக்குறது) இழுத்து ஸ்டார்ட் பண்ணினா ஸ்லோ ராஜா மாதிரி நிக்கும். சூடாகி சோக்கைத் தள்ளினதும் ஸ்லோ ஏறும், இறங்கும், கடைசியில ஆஃப். மிக்சர் ஸ்க்ரூவை உள்ள திருப்பினாலும் வெளிய திருப்பினாலும் இன்ஜின் சத்தத்துல மாற்றமே இல்லை. இப்படி இருந்தா பெரும்பாலும் ஸ்லோவுக்குப் பெட்ரோல் கொடுக்கிற ஸ்லோ ஜெட் அடைச்சிருக்கும், இல்லைன்னா வேற வழியா காத்து புகுந்துட்டிருக்கும்.

ஸ்லோ ஜெட்டைக் கழட்டி ஊதிப் பார்த்தாச்சு, சுத்தமாத்தான் இருந்தது. அப்புறம் இன்ஜினை ஓட விட்டு, கிளீனர் ஸ்ப்ரேயைத் துளித்துளியா ஒவ்வொரு இடமா அடிச்சேன். கார்புரேட்டரை இன்ஜினோட சேர்க்கிற மேனிஃபோல்டு பேக்கிங்ல ஒண்ணும் இல்லை. ஆக்சிலேட்டரை மிதிச்சா திறக்கிற பட்டர்ஃப்ளை தகட்டோட ஸ்பின்டில் (அச்சு) நுனியில பட்டதும் இன்ஜின் வேகம் மாறிடுச்சு, காத்து புகுறது அங்கதான். ஸ்பின்டிலைப் பிடிச்சு ஆட்டினா கையிலேயே ஆட்டம் தெரியுது. லேத்துல புதுசா புஷ் போட்டு வந்தப்புறம் ஸ்க்ரூவைத் தொட்டாலே இன்ஜின் பதில் சொல்லுது. ஸ்ப்ரே அடிக்கும்போது பக்கத்துலயே சைலன்சர் சூடா இருக்கும், தீயணைப்பான் கையில இல்லாம செய்யாதீங்க.

இன்னொண்ணு. ஊட்டிக்கு ஏறினா எல்லா கார்புரேட்டர் வண்டியும் ரிச் ஆகும். 2,240 மீட்டர் உயரத்துல காத்து லேசு, ஆனா ஜெட் அதே ஜெட்தானே. அங்க நின்னு ஸ்க்ரூவைத் திருப்பி மிக்சரைக் குறைச்சவர், மேட்டுப்பாளையம் இறங்கினதும் லீன்ல மாட்டுவார்.

பட்டறை வச்சிருந்தவன், சேலம்

தம்பிகளா, எல்லாரும் நேரா கார்புரேட்டருக்கே போறீங்க. எங்கிட்ட கார்புரேட்டர்னு வந்த வண்டியில பெரும்பாலானதுக்குக் கோளாறு, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர்லதான் இருந்தது. முதல்ல டேப்பட் (வால்வு இடைவெளி), அப்புறம் பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டர்ல கரண்டை வெட்டி விடுற முனை), அப்புறம் டைமிங் (பிளக்ல பொறி விழுற நேரம்). இதெல்லாம் சரியா இருந்தாத்தான் கார்புரேட்டர் பக்கம் கை போகணும். அம்பாசடருக்குப் பாயின்ட் கேப் 15 தவ், அதாவது 0.015 அங்குலம். பாயின்ட்டோட சேர்ந்திருக்கிற கண்டன்சர் போனா பாயின்ட் கருகும், மிஸ்ஸிங் வரும், எரியாத பெட்ரோல்ல பிளக்கும் கறுக்கும். பிளக் கறுப்பைப் பார்த்து ரிச்சுன்னு நினைச்சு மிக்சரைக் குறைச்சா இல்லாத நோய்க்கு மருந்துதான்.

வாக்குவம் அட்வான்ஸை (இன்ஜின் உறிஞ்சுற வேகத்தை வச்சு டைமிங்கை முன்னாடி நகர்த்துறது) யாரும் பார்க்கிறதே இல்லை. அதுக்குப் போற சின்னக் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழட்டி வாயால உறிஞ்சி, நுனியை நாக்கால அடைங்க. உள்ள இருக்கிற டயஃப்ரம் (சவ்வு) நல்லா இருந்தா நாக்கைப் பிடிச்சுக்கும். பிடிக்கலைன்னா கிழிஞ்சிருக்கு. பிக்கப்பும் போகும், அது வழியா காத்தும் புகும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தாம்பரம்

சேலம் சார் சொல்றதுல பாதிதான் ஒத்துக்கிறேன். என் வண்டியில கோளாறு டிஸ்ட்ரிபியூட்டர்லயும் இல்லை, கார்புரேட்டர்லயும் இல்லை. கொஞ்ச தூரம் ஜோரா ஓடும், திடீர்னு பெட்ரோல் வராம நிக்கும். ஓரம்கட்டிக் காத்திருந்தா மறுபடி ஓடும். வெயில்ல பம்ப் சூடாகி, பெட்ரோல் ஆவியாகி அடைச்சு வேப்பர் லாக் ஆகுதுன்னு ஈரத்துணி சுத்தினேன், பிரயோஜனம் இல்லை. அடுத்த தடவை நின்னதும் டேங்க் மூடியைத் திறந்தேன், 'உஸ்ஸ்'னு காத்து உள்ள இழுத்தது. டேங்குக்குக் காத்து போற ஓட்டை அடைஞ்சிருந்தது, அவ்வளவுதான். வண்டலூர்ல செஞ்ச வண்டி, வண்டலூர் மேம்பாலத்துலயே மானத்தை வாங்கிச்சு.

மொறிஸ் மைனர், யாழ்ப்பாணம்

வாசிக்கேக்கை தொண்ணூறுகள்தான் ஞாபகம் வருது. போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள்ள பெற்றோலைக் கண்ணாலயும் காணேலாது, எங்கட கார்கள் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில பத்தாது. காபரேற்றர் வாயுக்குள்ள சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகுதான் மண்ணெண்ணெய். பிளக் எப்பவும் கறுப்பு, அதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. அதால எஞ்சின் ஒயில் அளவு பாக்கிற டிப்ஸ்ரிக்கை இழுத்து மணந்து பாப்பம். எரியாத மண்ணெண்ணெய் சம்புக்குள்ள (எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற தொட்டி) இறங்கியிருந்தா மணம் காட்டிக் குடுக்கும்.

அந்தப் பழக்கம் இண்டைக்கும் விடேல்லை. அண்மையில மணந்தா பெற்றோல் வாசம். மைனருக்கு மின்சாரப் பம்ப், பம்பால சம்புக்குள்ள இறங்க வழியில்லை. ஏசி பம்ப் (எஞ்சினால ஓடுற பெற்றோல் பம்ப்) வண்டியெண்டா முதல்ல பம்ப் டயபிரத்தைப் பாருங்கோ. நான் காபரேற்றருக்குள்ள பெற்றோல் மட்டத்தைக் கட்டுப்படுத்திற மிதவையை, ஃபுளோட்டைக் கழட்டி காதடியில வைச்சு ஆட்டினன், உள்ளுக்குப் பெற்றோல் தளும்புது. சுடுதண்ணிக்குள்ள அமத்திப் பிடிக்க, குமிழி வந்த இடத்தில ஊசித் துவாரம். உள்ள கிடந்த பெற்றோல் முழுக்க வெளியேறின பிறகு பித்தளைக்கு ஈயம் பத்த வைச்சன். ஈயத்தைக் கூடப் போட்டா ஃபுளோட் பாரமாகி லெவல் மாறும், கவனம்.

அம்பாசடர், மதுரை

யாழ்ப்பாணத்து அண்ணே, அந்தச் சுடுதண்ணி வித்தை அருமை. கோவைத் தம்பி, ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) போட ஆரம்பிச்சதுல இருந்து உங்க பத்மினி எப்படி இருக்கு?

பத்மினி, கோவை

கொஞ்சம் லீன் ஆச்சுண்ணே. சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து வேணும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். கலந்தா அதே ஜெட்ல காத்து மிச்சமாகுது. மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏத்தினேன், பிளக் இப்ப பழுப்பா இருக்கு, மிக்சர் சரின்னு அர்த்தம். பழைய ரப்பர் ஹோஸ்தான் உள்பக்கம் உரிஞ்சு, துகள் துகளா ஃபுளோட் சேம்பர்ல கிடந்தது. எத்தனால் தாங்கும் ஹோஸ்னு கேட்டு வாங்குங்க, ஏசி பம்ப் டயஃப்ரத்தையும் கூடவே மாத்திடுங்க.