டபுள் கெப்பில் சீபி ரேடியோ: புதுப்பிப்பு

சீபி ரேடியோ (பக்கத்து வாகனங்களோடு கதைக்கும் இருவழி ரேடியோ) பூட்டியாச்சு, ஆனால் எஸ்டபிள்யூஆர் (அன்டெனாவுக்குப் போகும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1க்குக் கிட்ட இருந்தால் நல்லது) எல்லாச் சேனலிலும் 3க்கு மேலே நிற்கிறது, அன்டெனாவை மாற்றவா என்று போன முறை கேட்டிருந்தேன். மாற்றத் தேவைப்படவில்லை. பின்தொட்டி ரப்பருக்கு மேலே இருக்கிறது, சேசியோடு ஏர்த் சரியாகப் பிடிக்காது என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார், அதுதான் விஷயம். பிராக்கெட்டுக்கு அடியில் பெயின்டைத் தகரம் பளபளக்கும்வரை சுரண்டி, தட்டையான செம்புப் பின்னல் வயரால் தொட்டியைச் சேசியோடு இணைத்ததும் மீட்டர் முள் இறங்கிவிட்டது. அப்புறமும் 1ஆம் சேனலைவிட 40இல் கூடுதலாகக் காட்டியது, அப்படியென்றால் அன்டெனா நீளம் கூட, நுனிக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி இரண்டையும் 1.5க்குக் கீழே கொண்டுவந்தேன். இதைப் பார்க்காமல் 3இல் வைத்துக்கொண்டு கதைத்தால் செட்டின் அவுட்புட் டிரான்சிஸ்டர்தான் போகும்.

பவர் வயரை பேட்டரியில் இருந்தே ஃபியூஸ் போட்டு எடுங்கள், சிகரெட் லைட்டர் பிளக்கில் எடுத்தால் ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் பண்ணும் டைனமோ) இரைச்சல் தாங்காது.

மட்டக்களப்பில் உன்னிச்சைப் பக்கம் வயலில் நிற்கும் மச்சானின் கெப்போடு இப்போது தெளிவாகக் கதைக்க முடிகிறது. செட்டின் சக்தி 4 வாட்தானே, அங்கிருந்து கரையோரக் கல்லடி வரை எதிர்பார்க்காதீர்கள். லைசன்ஸ் கேட்டவர்களுக்கு: தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலில் விசாரியுங்கள், பிறகு செட் வாங்குங்கள். சுரண்டிய இடத்துக்குக் கிரீஸ் பூசுங்கள், நம்ம கடல்காற்றுக்குத் துரு சீக்கிரம் ஏறும்.